சர்வரில் ஒரு வேலையைத் தானாக ஓட வைப்பது: கிரான் பழகுவோருக்கு வழிகாட்டி

இணையதளம் நடத்துகிறவர்களுக்குத் தினமும் செய்தே ஆகவேண்டிய சில்லறை வேலைகள் சில உண்டு. தரவுத்தளத்தை நகலெடுக்க வேண்டும், தேவை முடிந்த தற்காலிகக் கோப்புகளை அழிக்க வேண்டும், சந்தா முடியப்போகிறவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். இவற்றுக்கு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக அடுக்கிய கோப்பு, எழுதிவிடலாம். ஆனால் இரவு இரண்டே முக்காலுக்கு எழுந்து அதை ஓட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. யூனிக்ஸ் குடும்பத்துச் சர்வர்களில் அந்தப் பொறுப்பை ஏற்பது கிரான். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. இன்று லினக்ஸ் சர்வர்களில் புழங்கும் வடிவங்கள் பலவற்றுக்கு மூலம், பால் விக்ஸி 1987இல் எழுதி வெளியிட்ட கிரான்.

அதன் வேலை மிகச் சின்னது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துத் தன் பட்டியலைப் பார்க்கும். அந்த நிமிடத்துக்கு உரிய வரி ஏதாவது இருந்தால் அதிலுள்ள கட்டளையைத் தொடங்கிவைத்துவிட்டு மறுபடி உறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர் நேரம் தவறாமல் அடிப்பார். வகுப்புக்கு ஆசிரியர் வந்தாரா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. கிரானும் அப்படித்தான். பட்டியலில் ஒரு வரி எழுதச் சில நிமிடங்கள் போதும். அந்த வேலை உண்மையிலேயே நடந்ததா, நடந்து உருப்படியான பலன் தந்ததா என்று உங்களுக்குத் தெரியவரும்படி ஏற்பாடு செய்வதில்தான் உழைப்பு இருக்கிறது. எனவே இந்தக் கட்டுரையிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வேலையைக் கடைசி வரை கொண்டுபோவோம். ஒரு சிறிய இணையக் கடையின் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை ஒவ்வோர் இரவும் நகலெடுக்க வேண்டும். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். சர்வரில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் ஸ்கிரிப்ட், பிறகுதான் கடிகாரம்

கையால் ஓட்டிப் பார்க்காத ஸ்கிரிப்டைக் கிரானிடம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பிழை ஸ்கிரிப்டில் இருக்கிறதா, நேரக் குறிப்பில் இருக்கிறதா என்று பிரித்தறியவே ஒரு நாள் போய்விடும்.

ஸ்கிரிப்டை எங்கே வைப்பது? பலர் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பப்ளிக்_எச்டிஎம்எல் என்ற கோப்புறைக்குள் இருப்பதை எல்லாம் உலகமே உலாவியில் திறக்கலாம். நகலெடுக்கும் ஸ்கிரிப்டையோ, நகல்களையோ அங்கே வைக்கக் கூடாது. உங்கள் கணக்கின் வீட்டுக் கோப்புறையில், பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே, இரண்டு கோப்புறைகள் உருவாக்குங்கள்: ஒன்று ஸ்கிரிப்டுகளுக்கு, மற்றது நகல்களுக்கு.

நகலெடுக்கும் கட்டளை மைஎஸ்க்யூஎல்டம்ப். அதன் வெளியீட்டை ஜிஸிப் வழியாகச் சுருக்கி, தேதியைப் பெயரில் தாங்கிய கோப்பில் சேமிக்க வேண்டும். தரவுத்தளம் இன்னோடிபி வகையைச் சேர்ந்தது என்றால் சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன் என்ற விருப்பத்தையும் சேருங்கள். நகலெடுக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் யாராவது பொருள் வாங்கிக்கொண்டிருந்தால் அவரைக் காக்க வைக்காமலே ஒத்திசைவான நகல் கிடைக்கும். தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுத வேண்டாம். அதை வீட்டுக் கோப்புறையில் உள்ள .மை.சிஎன்எஃப் என்ற கோப்பில் எழுதி, அனுமதியை 600 ஆக மாற்றிவிடுங்கள். அதன்பின் உங்கள் கணக்கைத் தவிர வேறு சாதாரணப் பயனர் யாரும் அதைப் படிக்க முடியாது.

இங்கே புதியவர்கள் அறியாத ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கட்டளைகளைக் குழாய்க் குறியால் (|) இணைக்கும்போது, கடைசிக் கட்டளை வெற்றி பெற்றால் முழு வரியும் வெற்றி என்றே ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், கணக்கு வைக்கும். கடவுச்சொல் மாறிப்போய் மைஎஸ்க்யூஎல்டம்ப் தோற்றாலும், ஜிஸிப் வெறுமையை அழகாகச் சுருக்கி 20 பைட் கோப்பு ஒன்றைத் தந்துவிட்டு வெற்றி என்று சொல்லும். கோப்புறையைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கோப்பு வரிசையாக இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. இதைத் தவிர்க்க ஸ்கிரிப்டை பாஷ் ஷெல்லுக்கு எழுதி, தொடக்கத்திலேயே, குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோல்வி என்று கணக்கு வைக்கும் பைப்ஃபெயில் விருப்பத்தை இயக்குங்கள். கூடவே, பிழை வந்த இடத்தில் நின்றுவிடச் செய்யும் செட் -இ வரியையும் சேருங்கள்.

ஸ்கிரிப்டை விண்டோஸ் கணினியில் நோட்பேடில் எழுதி மேலேற்றுகிறீர்களா? வரி முடிவுக் குறிகளைக் கவனியுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கூடுதலாக ஒரு மறைகுறியை வைக்கும். அது முதல் வரியில் உள்ள ஷெல்லின் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், அப்படி ஒரு நிரலே இல்லை என்று லினக்ஸ் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத குறி என்பதால் காரணம் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். யூனிக்ஸ் வரி முடிவில் சேமிக்கும் வசதி நோட்பேட்++ போன்ற எடிட்டர்களில் உண்டு. மேலேற்றியபின் கோப்புக்கு இயக்க அனுமதி கொடுத்து, ஒருமுறை கையால் ஓட்டி, உருவான நகலைத் திறந்து பாருங்கள்.

ஐந்து கட்டங்கள்

கிரான் வரியின் தொடக்கத்தில் ஐந்து இடங்கள். இடமிருந்து வலமாக: நிமிடம் 0 முதல் 59, மணி 0 முதல் 23, மாதத்தின் நாள் 1 முதல் 31, மாதம் 1 முதல் 12, வாரத்தின் நாள் 0 முதல் 7. ஞாயிறுக்கு 0, 7 இரண்டுமே செல்லும். நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எல்லா மதிப்பும் பொருந்தும்.

30 2 * * * என்றால் தினமும் 2:30 மணி.
*/15 * * * * என்றால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை.
0 9 * * 1-5 என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணி.
0 6 1,16 * * என்றால் ஒவ்வொரு மாதமும் 1, 16 தேதிகளில் காலை 6 மணி.

மிக அதிகமாக நடக்கும் பிழை * 2 * * * என்று எழுதுவது. தினமும் 2 மணிக்கு என்று நினைத்து எழுதுகிறார்கள். நிமிடத்தில் நட்சத்திரம் இருப்பதால் 2:00, 2:01, 2:02 என்று 2:59 வரை அறுபது முறை ஓடும். நகலெடுப்பு என்றால் வட்டு நிறையும். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலை என்றால் அடுத்த நாள் காலை உங்கள் தொலைபேசி ஓயாது.

அடுத்தது */7 போன்றவை. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை என்று அது பொருள்படாது. 0, 7, 14 என்று போய் 56இல் ஓடியபின், அடுத்த மணியின் 0இல் மறுபடி தொடங்கும். அந்த இடைவெளி நான்கே நிமிடம். அறுபதை மீதியின்றி வகுக்கும் எண்களோடு நின்றுகொள்வது நல்லது.

மூன்றாவது சங்கதி அனுபவசாலிகளையும் ஏமாற்றும். மாதத்தின் நாள், வாரத்தின் நாள் இரண்டுக்கும் மதிப்புக் கொடுத்தால், இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்று கிரான் பார்ப்பதில்லை. ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓடிவிடும். 0 6 13 * 5 என்ற வரி, 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக அமையும் அபூர்வ நாளுக்குக் காத்திருக்காது. எல்லா 13ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளியும் ஓடும். இரண்டும் பொருந்த வேண்டுமானால் ஒன்றைக் கிரானில் வைத்துக்கொண்டு மற்றதை ஸ்கிரிப்டுக்குள் சோதியுங்கள்.

எந்த ஊர்க் கடிகாரம்?

கிரான் பார்ப்பது சர்வரின் கடிகாரத்தை. நாம் வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதற்கு ஐந்தரை மணி முன்னே ஓடுபவை. டேட் என்ற கட்டளையை ஓட்டினால் சர்வர் எந்த நேரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நம் நகலெடுப்பை இந்திய நேரப்படி அதிகாலை 2:47க்கு வைப்போம். ஐந்தரை மணி கழித்தால் முந்தைய நாள் இரவு 21:17. ஆகவே வரியின் தொடக்கம் 17 21 * * * என்று அமையும். ஏன் 17? பலரும் முழு மணியைத்தான் எழுதுகிறார்கள். பகிர்வு சர்வரில் நள்ளிரவு 0:00க்கு நூறு கணக்குகளின் வேலைகள் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளும். ஒற்றைப்படையான ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தால் நெரிசலிலிருந்து தப்பலாம்.

அந்த அரை மணியால் நிமிட இடமும் மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். நாளும் மாறும். திங்கள் அதிகாலை 2:30 என்பது யூடிசியில் ஞாயிறு 21:00. எனவே வாரத்தின் நாள் 1 அல்ல, 0. மாதத்தின் முதல் தேதி அதிகாலை என்று வரும்போது சிக்கல் இன்னும் முற்றும். அது யூடிசியில் முந்தைய மாதத்தின் கடைசி நாள். அந்த நாள் 28ஆகவும் இருக்கலாம், 31ஆகவும் இருக்கலாம். வழக்கமான கிரானில் கடைசி நாள் என்று சொல்ல வழியே இல்லை. எளிய தீர்வு, அந்த வேலையைக் காலை ஐந்தரைக்குப் பின் தள்ளிவைப்பது. முதல் தேதி காலை 6 மணி என்றால் யூடிசியிலும் அதே தேதி 0:30 ஆகும். 30 0 1 * * என்று நிம்மதியாக எழுதலாம்.

சர்வர் அமெரிக்க உள்ளூர் நேரத்தில் இருந்தால் கோடைகால நேர மாற்றத்தையும் சுமக்க வேண்டும். நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. நீங்கள் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் உங்கள் வேலை வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் நகரும். சர்வர் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அதை யூடிசிக்கே மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

பட்டியலில் சேர்ப்பது

உலாவியிலேயே கணக்கை நிர்வகிக்க உதவும் சிபேனல் உள்ள ஹோஸ்டிங்கில் கிரான் ஜாப்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் ஐந்து கட்டங்களும் கட்டளைக்கு ஒரு கட்டமும் இருக்கும். ஆயத்த நேரங்களின் பட்டியல் ஒன்றும் தருவார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் முழு மணி நெரிசலில் போய் விழுவீர்கள். எண்களை நீங்களே நிரப்புங்கள். பல நிறுவனங்கள் பகிர்வுக் கணக்குகளில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்ட விடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சொந்தச் சர்வர் என்றால், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், கிரான்டாப் -இ என்று தட்டினால் பட்டியல் எடிட்டரில் திறக்கும். கிரான்டாப் -எல் அதைக் காட்டும். கிரான்டாப் -ஆர் முழுப் பட்டியலையும் அழித்துவிடும், பல சர்வர்களில் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல். விசைப்பலகையில் இ, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. விரல் வழுக்கினால் எல்லாம் போயிற்று. எந்தப் பயனராக நுழைந்தீர்களோ அந்தப் பயனரின் பட்டியல்தான் திறக்கும். முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓட்ட வேண்டிய அவசியம் இல்லாத வேலையை அங்கே வைக்காதீர்கள்.

முழு வரி இப்படி இருக்கும்:

17 21 * * * /ஹோம்/கடை/வேலைகள்/நகல்.எஸ்எச் >> /ஹோம்/கடை/பதிவுகள்/நகல்.லாக் 2>&1

இரட்டை அம்புக்குறி, ஸ்கிரிப்ட் சொல்வதைப் பதிவுக் கோப்பின் இறுதியில் சேர்க்கிறது. 2>&1 என்பது பிழைச் செய்திகளும் அதே கோப்புக்குப் போகட்டும் என்ற உத்தரவு. அது கோப்பின் பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் எழுதினால் பிழைச் செய்திகள் கோப்புக்குள் வராது. வரியைச் சேமிக்கும்போது கடைசியில் ஒருமுறை என்டர் தட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வரி முடியாமல் தொங்கினால் சில கிரான்கள் அதை ஏற்பதில்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

கிரான் பற்றி எழும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒன்றுதான். காரணம், கிரான் உங்கள் உள்நுழைவுச் சூழலில் ஓட்டுவதில்லை. நீங்கள் உள்ளே நுழையும்போது அமையும் மாறிகள் எதுவும் அதற்குத் தெரியாது. நிரல்களைத் தேடும் பாதைப் பட்டியலும் பொதுவாக /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற அளவோடு முடிந்துவிடும். எனவே ஸ்கிரிப்டுக்குள் ஒவ்வொரு நிரலையும் முழுப் பாதையோடு எழுதுங்கள். பாதை தெரியாவிட்டால் விச் என்ற கட்டளையோடு நிரலின் பெயரைக் கொடுத்தால் காட்டும். கோப்புகளுக்கும் முழுப் பாதை வேண்டும். கிரான் வேலையைத் தொடங்குவது உங்கள் வீட்டுக் கோப்புறையில். ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையில் அல்ல.

சதவீதக் குறியும் தொல்லை தரும். கிரான் வரியில் % என்பது புதிய வரி என்று பொருள்படும். கோப்புப் பெயரில் தேதி சேர்ப்பதற்காக டேட் கட்டளையை நேரடியாகக் கிரான் வரியில் எழுதுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். கட்டளை பாதியில் அறுந்துவிடும். குறிக்கு முன் பின்சாய்கோடு போட்டுத் தப்பலாம். தேதியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

சோதிப்பதற்கு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சர்வர் நேரத்தில் மூன்று நிமிடம் தள்ளி நேரத்தைக் குறித்து, அது ஓடுவதைப் பாருங்கள். சரியாக ஓடியபின் உண்மையான நேரத்தை எழுதுங்கள். கிரான் வேலையைத் தொடங்கியதா என்பதே சந்தேகமானால், உபுண்டுவிலும் பழைய டெபியன் சர்வர்களிலும் சிஸ்லாக் என்ற பதிவுக் கோப்பில் தேடலாம்; புதிய டெபியனில் ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை காட்டும். ரெட் ஹாட் வகைச் சர்வர்களில் /வார்/லாக்/கிரான் என்ற கோப்பு இருக்கும்.

ஓடியது உங்களுக்கு எப்படித் தெரியும்?

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளச் சர்வரின் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு நொடிகளில் போய்விட்டது. நகல்களிலிருந்து மீட்கலாம் என்று போனால் நகல் இருக்க வேண்டிய இடம் காலி. நகலெடுக்கும் நிரல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.2 பதிப்பினுடையது, ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளமோ 9.6. பொருந்தாததால் நகலெடுப்பு ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களைக் கிரான் வேலை அனுப்பத்தான் செய்தது. அவை டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் திருப்பப்பட்டுவிட்டன; யாரும் பார்க்கவில்லை. வேறொரு காரணத்துக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு எடுத்த வட்டுப் பிடிப்பு (வட்டின் அந்நேர நிலையின் பிரதி) ஒன்று கையில் இருந்ததால் தப்பினார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. இவ்வளவையும் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது.

ஆகவே மின்னஞ்சல் வரும் என்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கிரான் ஒரு வேலையின் வெளியீட்டை மின்னஞ்சலாக அனுப்பும். பட்டியலின் மேலே மெயில்டு என்ற மாறியில் முகவரி கொடுக்கலாம், சிபேனலில் அதற்கென்றே கட்டம் இருக்கிறது. ஆனால் நம் வரியைப் போல எல்லா வெளியீட்டையும் கோப்புக்குத் திருப்பிவிட்டால் அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. புதிதாக வாங்கிய சர்வரில் மின்னஞ்சல் அனுப்பும் நிரலே இல்லாமல் இருப்பதும் சகஜம். அப்போது டெபியன் வகைக் கிரான், வெளியீட்டை வீசிவிட்டதாகப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் பலவற்றின் வாலில் > /டெவ்/நல் 2>&1 என்று ஒட்டியிருக்கும். எல்லாச் செய்தியையும் குப்பையில் போடு என்பது அதன் பொருள். பழகும் காலத்தில் அதைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

நம்பகமான வழி, தோல்வியின் குரலை எதிர்பார்க்காமல் வெற்றியின் குரல் வராததைக் கவனிப்பது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில், எல்லாம் முடிந்தபின், வெளியில் உள்ள கண்காணிப்புச் சேவை ஒன்றின் முகவரியை, இணைய முகவரிகளை அழைக்கும் கர்ல் கட்டளையால் தட்டுங்கள். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்கென்றே இருக்கின்றன. குறித்த நேரத்துக்குள் அந்தத் தட்டல் வராவிட்டால் அவர்களிடமிருந்து உங்களுக்கு எச்சரிக்கை வரும். சர்வர் அணைந்திருந்தாலும் வரும், பட்டியல் அழிந்திருந்தாலும் வரும். தட்டுவதற்கு முன், உருவான கோப்பின் அளவு நேற்றைய நகலின் பாதிக்குக் குறைந்திருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்படி ஒரு சோதனை வையுங்கள். 20 பைட் நகல்கள் அதில் பிடிபடும். நகலை அதே சர்வரில் மட்டும் வைத்திருந்தால் வட்டு கெட்டுப்போகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். வேறோர் இடத்துக்கும் அனுப்புங்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு நகலை எடுத்துக் காலித் தரவுத்தளத்தில் மீட்டுப் பாருங்கள்.

ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒருநாள் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டால், முதலாவது முடிவதற்குள் கிரான் இரண்டாவதைத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து இன்னும் மெதுவாகும். மூன்றாவதும் வந்து சேரும். இதற்கு எஃப்லாக் என்ற கட்டளை போதும். கிரான் வரியில் உங்கள் ஸ்கிரிப்டுக்கு முன் எஃப்லாக் -என் என்று எழுதி, ஒரு பூட்டுக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், முந்தையது ஓடிக்கொண்டிருக்கும்வரை புதியது சத்தமின்றி விலகிக்கொள்ளும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு

வேர்ட்பிரஸுக்குள் கிரான் என்ற பெயரில் ஒன்று உண்டு. அது கடிகாரம் பார்ப்பதில்லை; யாராவது தளத்துக்கு வரும்போதுதான் செய்ய வேண்டிய வேலை இருக்கிறதா என்று பார்க்கும். வாசகர் குறைவான தளத்தில் காலை 6 மணிக்கு வெளியிடக் குறித்த கட்டுரை, பத்து மணிக்கு முதல் வாசகர் வந்தபின் வெளியாகும். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டிஸேபிள்_டபிள்யூபி_கிரான் என்ற மாறிலியை உண்மை என்று வரையறுத்து அதை நிறுத்துங்கள். பிறகு டபிள்யூபி-கிரான் என்ற பிஎச்பி கோப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரின் கிரானிலிருந்து ஓட்டுங்கள்.

உங்கள் சொந்த பிஎச்பி ஸ்கிரிப்டுகளை ஓட்டும்போதும், இணைய முகவரியைத் தட்டி ஓட்டுவதைவிட பிஎச்பி நிரலைக் கட்டளை வரியில் அழைப்பதே மேல். இணைய வழியில் இயல்பான கால வரம்பு 30 வினாடி, கட்டளை வரியில் வரம்பே இல்லை. முகவரி தெரிந்த எவரும் உங்கள் வேலையை ஓட்டிவிடும் ஆபத்தும் நீங்கும்.

சர்வர் அணைந்திருந்த நேரத்தில் தவறிய வேலையைக் கிரான் பின்னர் ஈடுசெய்வதில்லை. அது முக்கியம் என்றால் லினக்ஸில் உள்ள மற்றொரு நேர ஏற்பாடான சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பை இயக்கிப் பயன்படுத்துங்கள். அதில் எழுத வேண்டிய கோப்புகள் இரண்டு, பழகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். தொடக்கத்துக்குக் கிரானே போதும் என்பேன்.

இன்னொன்று. நகல் ஸ்கிரிப்டில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: கிரான்டாப் -எல் காட்டும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, தரவுத்தள நகலோடு சேர்த்தே வெளியே அனுப்பட்டும். சர்வர் மாற்றும்போது தளத்தையும் தரவுத்தளத்தையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மறப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலைத்தான்.